பாடு முடிந்தும் எடுக்காத வலை: அழித்த இடத்தை ஸ்டோரேஜ் அரேயிடம் ஒப்படைப்பது

பழவேற்காடு ஏரியில் இறாலுக்குச் சுத்து வலை கட்டுகிறவர் நினைத்த நாளில், நினைத்த இடத்தில் இறங்கிவிட முடியாது. பாடு என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல பிடிப்பு உள்ள இடங்கள் யாருக்கும் நிரந்தரச் சொத்து இல்லை. கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் சீட்டுக் குலுக்கி முறை போட்டு, அவரவர் நாளில் அவரவர் இறங்குவார்கள். இந்த முறையைப் பற்றி செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வை 1991-இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் வெளியிட்டது. முறை முடிந்தவர் வலையைச் சுருட்டிக்கொண்டு கரையேறினால்தான் அடுத்தவருக்கு இடம். மீனை எடுத்தாயிற்று, வலை மட்டும் கிடக்கட்டும் என்று ஒருவர் போய்விட்டால், அந்த இடத்தில் அவருக்கும் பிடிப்பில்லை, அடுத்தவருக்கும் வழியில்லை.

பல சர்வர்களுக்குப் பொதுவாக டிஸ்க் இடம் தரும் ஸ்டோரேஜ் அரேக்களில் பெரும்பாலும் நடப்பது இந்தக் கடைசி வகைதான். சர்வர்களில் ஃபைல்கள் அழிந்துகொண்டே இருக்கும். அரேயில் இடம் மட்டும் திரும்பி வராது.

பொன்னேரியில் ஒரு நடுத்தர அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏரியின் முகத்துவாரம் தூர்ந்துபோவதையும் மறுபடி திறப்பதையும் அது ட்ரோனில் படம் எடுக்கிறது; கரைக்கு வரும் மீன் எடைக் கணக்கையும் சேர்த்து வைக்கிறது. ஆண்டுக் கடைசியில் பழைய வீடியோக்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, சர்வரில் இருப்பதை அழித்துவிடுவது வழக்கம். அரேயிலிருந்து சர்வருக்கு ஒதுக்கிய டிஸ்க் பகுதி, அதாவது லன், 2 டெராபைட். சர்வரைக் கேட்டால் 400 ஜிபிதான் பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது. அரேயின் நிர்வாகத் திரையிலோ அதே லன் 1.9 டெராபைட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு எண்ணும் சரியானவைதான்.

ஒரு ஃபைலை அழிக்கும்போது இயங்குதளம் அதன் பெயரை நீக்கி, அது இருந்த பிளாக்குகளைக் காலி என்று தன் பிட்மேப்பில் குறித்துக்கொள்கிறது. வேலை அதோடு முடிந்தது. அந்த பிட்மேப்பும் அரேயில்தான் எழுதப்படுகிறது என்றாலும், அரேயைப் பொறுத்தவரை அதுவும் இன்னொரு கொத்து பைட்டுகள். ஃபைல், ஃபோல்டர் என்று எதுவும் அதற்குத் தெரியாது. இத்தனையாவது பிளாக்கில் ஒருமுறை எழுதினார்கள், ஆகவே அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அதன் கணக்கு.

எல்லா இடத்தையும் முதலிலேயே ஒதுக்கிவிடும் பழைய அரேக்களில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. சிக்கல், எழுதும்போது மட்டும் இடம் ஒதுக்கும் தின் புரொவிஷனிங்கோடு வந்தது. கையில் 4 டெராபைட் டிஸ்க்தான் இருக்கிறது. ஐந்து சர்வருக்குத் தலா 2 டெராபைட் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் நிரப்ப மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வண்டி ஓடுகிறது. அழித்த இடம் பொதுக் குளத்துக்குத் திரும்பாவிட்டால், ஒவ்வொரு லன்னும் மெல்ல மெல்லத் தன் உச்ச அளவை நோக்கியே போகும். ஐந்தும் அங்கே போய்ச் சேரும் முன்பே 4 டெராபைட் தீர்ந்துவிடும்.

திருப்பிக் கொடுக்கும் கட்டளைகள்

இந்த பிளாக்குகள் இனி எனக்கு வேண்டாம் என்று டிஸ்க்கிடம் சொல்ல, டிஸ்க்கின் வகைக்கு ஒரு கட்டளை உண்டு. சாட்டா எஸ்எஸ்டிக்கு ட்ரிம். ஃபைபர் சேனலிலோ ஐஸ்கசியிலோ வரும் அரேக்களுக்கு ஸ்கசி தரத்தில் உள்ள அன்மேப். அதே வேலையை ரைட் சேம் என்ற கட்டளையில் ஒரு பிட்டை ஏற்றியும் செய்யலாம். என்விஎம்இ டிஸ்க்குகளில் டீஅலோகேட். லினக்ஸ் கர்னல் இவை எல்லாவற்றுக்கும் மேலே டிஸ்கார்ட் என்று ஒரே பெயரை வைத்து, கீழே இருப்பது எதுவோ அதற்கேற்ப மாற்றி அனுப்புகிறது.

எஸ்எஸ்டிக்கும் அரேக்கும் இதில் தேவை வேறு. எஸ்எஸ்டிக்கு வேண்டியது வேகமும் ஆயுளும்: காலியான பக்கங்களைத் தெரிந்துகொண்டால், பழைய தரவைத் தேவையில்லாமல் இடம் மாற்றி எழுதும் வேலை குறையும். அரேக்கு வேண்டியது இடம். இரண்டுக்கும் ஒரே கட்டளைக் குடும்பம் பயன்படுவதால், எஸ்எஸ்டிக்காக எழுதிய அறிவுரையை அப்படியே அரேக்குப் பொருத்திப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். இந்த அத்தியாயத்தில் பாதி அதனால் வரும் குழப்பங்களைப் பற்றியதுதான்.

லினக்ஸில் டிஸ்கார்டுக்கான அடித்தளம் 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கர்னலிலேயே போடப்பட்டது. சாட்டா ட்ரிம் 2010-இல் 2.6.33-இல் சேர்ந்தது. விண்டோஸ் 7 அதற்குச் சற்று முன்பே, 2009-இல், ட்ரிம்மோடு வெளிவந்துவிட்டது. அரேக்களுக்கான அன்மேப் வர விண்டோஸ் சர்வர் 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆப்பிள் தன் பெட்டியில் வரும் எஸ்எஸ்டிக்கு மட்டும் ட்ரிம்மைத் திறந்து வைத்தது. வெளியில் வாங்கிப் போட்ட டிஸ்க்குக்கும் அதை அனுமதிக்கும் ட்ரிம்ஃபோர்ஸ் 2015-இல்தான் வந்தது.

முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது

எந்த அமைப்பையும் மாற்றும் முன், சர்வருக்கும் அரேக்கும் நடுவில் இந்தப் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லினக்ஸில் எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் பெரிய டி விருப்பத்தோடு அடித்தால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நான்கு நெடுவரிசைகள் வரும். பார்க்க வேண்டியவை நடுவில் உள்ள இரண்டு: டிஸ்கார்ட் கிரானுலாரிட்டியும், ஒரே தடவையில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவும். இரண்டிலும் 0 என்று இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அந்த டிஸ்க் டிஸ்கார்டை ஏற்காது, அல்லது நடுவில் யாரோ மறிக்கிறார்கள்.

அந்தப் பட்டியலை மரமாக விரித்துப் பார்ப்பது நல்லது. அடியில் உள்ள லன்னுக்கு 1 எம்பி என்று இருக்கும், அதன் மேல் உள்ள என்க்ரிப்ஷன் அடுக்கில் 0 என்று இருக்கும். அப்படியானால் பழுது அரேயில் இல்லை. எந்த வரியில் எண் பூஜ்ஜியமாகிறதோ அந்த அடுக்கைத்தான் திறந்து பார்க்க வேண்டும். அரே விற்றவருக்கு ஃபோன் போட்டுச் சண்டை பிடிக்கும் முன் இந்த ஒரு திரையைப் பார்த்திருந்தால் எத்தனையோ மதியங்கள் மிச்சமாகியிருக்கும்.

அரே தன் பக்கத்தில் ஆதரவைச் சொல்லாமலும் இருக்கலாம். நெட்ஆப் அரேக்களில் லன்னுக்கு ஸ்பேஸ் அலோகேஷன் என்று ஓர் அமைப்பு உண்டு. நீண்ட காலம் அது முன்னிருப்பாக அணைந்தே இருந்தது. அதைத் திறக்காதவரை, அன்மேப் தெரியும் என்று அரே சர்வரிடம் சொல்லாது, சர்வரும் கேட்காது.

விண்டோஸில் எஃப்எஸ்யுடில் கட்டளையில் டிசேபிள்டெலீட்நோட்டிஃபை என்பதன் மதிப்பைக் கேட்க வேண்டும். பெயரே எதிர்மறையாக இருப்பதால் இங்கே 0 வந்தால்தான் நல்லது: அறிவிப்பு அணைக்கப்படவில்லை, அதாவது அன்மேப் போகிறது. 1 என்று பார்த்துவிட்டு வேலை செய்கிறது என்று நிம்மதியாகப் போனவர்கள் உண்டு.

உடனுக்குடனா, வாராவாரமா

லினக்ஸ் இரண்டு வழிகளைத் தருகிறது. ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்யும்போது டிஸ்கார்ட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், ஃபைல் அழிய அழிய டிஸ்கார்ட் போய்க்கொண்டிருக்கும். மற்றது எஃப்எஸ்ட்ரிம். அதை ஓட்டும்போது ஃபைல் சிஸ்டத்தில் காலியாக உள்ள இடம் முழுவதையும் மொத்தமாகச் சொல்லிவிடும்.

முதல் வழி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொடக்க கால சாட்டா ட்ரிம் வரிசையில் நிற்கத் தெரியாத கட்டளை. அது வரும்போது ஓடிக்கொண்டிருந்த எழுத்தும் படிப்பும் முடியும்வரை காத்திருந்து, தான் மட்டும் தனியாக ஓடும். ஆயிரம் சின்ன ஃபைல்களை அழித்தால் சர்வர் மூச்சு முட்டியது. வரிசையில் நிற்கும் ட்ரிம் சாட்டா 3.1-இல் வந்தது, அதைச் சரியாகச் செய்யாத சில டிஸ்க் மாடல்களுக்கு லினக்ஸ் கர்னலில் தடைப்பட்டியலே போட வேண்டியிருந்தது. அரேக்களில் கதை இன்னும் சிக்கல். அன்மேப் வந்ததும் அரே தன் உள்கணக்கைத் திருத்த வேண்டும், அது பழைய அரேக்களில் எழுதுவதைவிட அதிக நேரம் எடுத்த வேலை.

அதனால் பெரும்பாலான டிஸ்ட்ரிபியூஷன்கள் வாராந்திர எஃப்எஸ்ட்ரிம்மின் பக்கம் சாய்ந்தன. உபுண்டு 14.04 முதல் அதை முன்னிருப்பாகச் செய்கிறது; ஃபெடோரா 2020-இல், 32-ஆம் பதிப்பில் சேர்ந்துகொண்டது. பிடிஆர்எஃப்எஸ் நடுவழி ஒன்றைப் பிடித்தது: காலியான பகுதிகளைச் சேர்த்து வைத்து, பின்னணியில் மெதுவாக அனுப்பும் முறை. அது 5.6 கர்னலில் வந்து, 2023-இல் 6.2-இல் முன்னிருப்பானது. விண்டோஸில் டிஸ்க்கை ஆப்டிமைஸ் செய்யும் வாராந்திரப் பணியே தின் லன்களுக்கு ரீட்ரிம் செய்துவிடும். நாள் முழுக்க ஃபைல் உருவாகி அழியும் மெயில் சர்வர் போன்ற ஏதாவது ஒன்றைத் தவிர, மற்ற இடங்களில் வாராந்திர வழியே போதும்.

எஃப்எஸ்ட்ரிம்மை வி விருப்பத்தோடு ஓட்டினால் எவ்வளவு இடத்தைச் சொன்னது என்று ஒரு வரி வரும். புதிதாகப் பார்ப்பவர் அந்த எண்ணை வைத்துத் தப்புக் கணக்குப் போட்டுவிடுவார். இஎக்ஸ்டி4-இல் முதல் தடவை 1.5 டெராபைட் என்று வரும். உடனே இன்னொரு தடவை ஓட்டினால் 0 அல்லது ஏதோ சில்லறை. முன்பு சொன்ன பகுதிகளை அது நினைவில் வைத்துக்கொண்டு தாண்டிவிடுகிறது. ஆனால் அந்த நினைவு மெமரியில் மட்டும்தான். சர்வரை ரீபூட் செய்து ஓட்டினால் மறுபடியும் 1.5 டெராபைட் என்று வந்து நிற்கும். எக்ஸ்எஃப்எஸ் அந்த மாதிரி நினைவு எதையும் வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் காலி இடம் முழுவதையும் சொல்லும். ஆக, அந்த எண் சர்வர் எவ்வளவு சொன்னது என்பதற்கான கணக்கு. அரே எவ்வளவு வாங்கிக்கொண்டது என்பதை அரேயின் திரையில்தான் பார்க்க முடியும்.

நடுவில் நிற்கும் அடுக்குகள்

ஃபைல் சிஸ்டத்துக்கும் அரேக்கும் நடுவில் இன்று குறைந்தது இரண்டு, மூன்று அடுக்குகள் இருக்கும். ஒவ்வொன்றும் சொன்னதைக் கீழே கடத்த வேண்டும்.

எல்விஎம்மில் இஷ்யூ டிஸ்கார்ட்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் திறக்காவிட்டால் எஃப்எஸ்ட்ரிம் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு லாஜிக்கல் வால்யூமை நீக்கும்போதும் சுருக்கும்போதும் விடுபடும் இடத்தை எல்விஎம்மே டிஸ்கார்ட் செய்ய வேண்டுமா என்பதற்கு மட்டும்தான் அது. ஃபைல் சிஸ்டத்திலிருந்து வரும் டிஸ்கார்டை எல்விஎம் வழக்கமாகவே கீழே விட்டுவிடும். அந்த அமைப்பைத் திறந்து வைத்தால் வேறொரு விலை உண்டு: தவறாக நீக்கிய வால்யூமை மீட்பது அனேகமாக முடியாது.

லக்ஸ் என்க்ரிப்ஷன் முன்னிருப்பாக மறிக்கும், வேண்டுமென்றே. எந்த பிளாக் காலி, எது நிரம்பியது என்ற வடிவம் வெளியே தெரிந்தால், பூட்டிய டிஸ்க்குக்குள் எவ்வளவு தரவு இருக்கிறது என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் அரே என்றால் அலவ் டிஸ்கார்ட்ஸ் விருப்பத்தைத் திறப்பதில் பெரிய ஆபத்தில்லை. வெளியே எடுத்துப்போகும் லேப்டாப்புக்கு யோசித்துச் செய்ய வேண்டும்.

வெர்ச்சுவல் மெஷின்களில் அடுக்கு இரட்டிப்பாகிறது. க்யூஇஎம்யூவில் டிஸ்க்குக்கு டிஸ்கார்ட் அமைப்பை அன்மேப் என்று கொடுக்காவிட்டால், உள்ளே இருக்கும் லினக்ஸ் என்ன சொன்னாலும் வெளியே போகாது. விஎம்வேரின் அனுபவம் தனியாகச் சொல்ல வேண்டியது. 2011-இல் வந்த விஸ்ஃபியர் 5.0 தானாகவே அன்மேப் அனுப்பியது. வெர்ச்சுவல் டிஸ்க் ஒன்றை நீக்கினால் இடம் உடனே அரேக்குப் போகும் என்பது திட்டம். சில அரேக்கள் அந்தக் கட்டளைக்கு மிகவும் தாமதமாகப் பதில் தந்தன. ஸ்டோரேஜ் விமோஷன் போன்ற வேலைகள் நேரம் கடந்து தோற்றன. சில மாதங்களில் விஎம்வேர் அதை அணைத்துவிட்டது. அடுத்து வந்த வழி, நிர்வாகி கையால் ஓட்ட வேண்டிய ஒரு கட்டளை. வெர்ச்சுவல் டிஸ்க்குகள் இருக்கும் டேட்டாஸ்டோரின் காலி இடத்தில் 60 சதவீதத்துக்கு ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி, அது பிடித்த இடத்தை அன்மேப் செய்து, பிறகு ஃபைலை நீக்கும். நடுவில் வேறு ஏதாவது பெரிதாக எழுதினால் டேட்டாஸ்டோரே நிரம்பிவிடும் அபாயம் இருந்தது. தானியங்கி அன்மேப் திரும்பி வந்தது 2016-இல், விஸ்ஃபியர் 6.5-இல், விஎம்எஃப்எஸ் 6 என்ற புதிய ஃபைல் சிஸ்டத்தோடு. இந்த முறை வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்தார்கள். அதனால் காலையில் நீக்கிய வெர்ச்சுவல் மெஷினின் இடம் மதியமே அரேயில் தெரியவில்லை என்று பதற வேண்டாம். ஒரு நாள் பொறுக்கலாம். பழைய விஎம்எஃப்எஸ் 5 டேட்டாஸ்டோரை அப்படியே மேம்படுத்த முடியாது. புதிதாக ஒன்றை உருவாக்கி மெஷின்களை அங்கே நகர்த்த வேண்டும்.

சின்ன அலுவலகங்களில் இன்னோர் அடுக்கு உண்டு: யுஎஸ்பி பெட்டியில் போட்ட எஸ்எஸ்டி. பெட்டிக்குள் இருக்கும் பிரிட்ஜ் சிப் அன்மேப்பை ட்ரிம்மாக மொழிபெயர்க்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். மலிவான பல பெட்டிகளுக்குத் தெரியாது. தெரிந்த சில சிப்களும் அதைச் சரியாக அறிவிக்காததால், லினக்ஸில் புரொவிஷனிங் மோட் என்ற சிஸ்எஃப்எஸ் மதிப்பைக் கையால் மாற்ற வேண்டிவரும். முக்கியமான தரவு உள்ள டிஸ்க்கில் அந்தச் சோதனையைச் செய்து பார்க்கக் கூடாது.

கேட்டது ஒன்று, திரும்பி வந்தது வேறு

எல்லா அடுக்கும் திறந்திருந்தும் அரேயின் எண் எதிர்பார்த்த அளவு குறையாமல் இருக்கலாம். முதல் காரணம் அரே இடத்தைப் பிரிக்கும் துண்டின் அளவு. ஹிட்டாச்சியின் டைனமிக் புரொவிஷனிங் 42 எம்பி பக்கங்களாகப் பிரிக்கிறது. நெட்ஆப்பின் வாஃபில் 4 கேபி பிளாக்குகள். 42 எம்பி பக்கத்தில் 41 எம்பியை அழித்துவிட்டு, ஒரே ஒரு மீன் எடைக் கணக்கு எக்செல் ஃபைல் மட்டும் மிச்சமிருந்தால், அந்தப் பக்கம் முழுதாக அப்படியே நிற்கும். பெரிய ட்ரோன் வீடியோக்கள் அழிந்த இடம் நன்றாகத் திரும்பும். லட்சக்கணக்கான சின்ன ஃபைல்கள் அங்கங்கே அழிந்த இடம் திரும்பாது.

இரண்டாவது ஸ்னாப்ஷாட். அரேயில் நேற்று இரவு எடுத்த ஸ்னாப்ஷாட் இன்று அழித்த பிளாக்குகளைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்னாப்ஷாட் காலாவதியாகும்வரை இடம் வராது. இது பழுது இல்லை, காப்பீடு. ஆனால் பலர் பாதி நாளை இதைத் தேடிச் செலவழிக்கிறார்கள்.

வேறொருவர் இடத்தைத் துடைத்த கதைகள்

டிஸ்கார்ட் என்பது அழிக்கும் கட்டளை. முகவரி ஒன்று பிசகினால் உயிருள்ள தரவு போய்விடும். 2015-இல் தேடுபொறி சேவை நிறுவனமான அல்கோலியாவின் சர்வர்களில் ஃபைல்களின் நடுவே பூஜ்ஜியங்கள் தோன்ற ஆரம்பித்தன. சந்தேகம் முதலில் சாம்சங் எஸ்எஸ்டிகளின் மேல் விழுந்தது. அந்த ஆண்டு ஜூனில் அவர்கள் எழுதியது உலகம் முழுக்கப் பரவி, பலர் டிஸ்க்கையே மாற்றினார்கள். சாம்சங் பொறியாளர்கள் தோண்டிப் பார்த்தபோது குற்றவாளி லினக்ஸ் கர்னல். மென்பொருள் ரெய்டு 0 அடுக்கு பெரிய டிஸ்கார்டைப் பல டிஸ்க்குகளுக்குத் துண்டாக்கும்போது கணக்கில் பிசகியிருந்தது. திருத்தத்தையும் அவர்களே அனுப்பினார்கள்.

2019 மே மாதம் 5.1 கர்னலில் இன்னொன்று. டிவைஸ் மேப்பர் அடுக்கில் வந்த பிழையால், எல்விஎம்மும் என்க்ரிப்ஷனும் அடுக்கிய சில கணினிகளில் எஃப்எஸ்ட்ரிம் ஓட்டியதும் தேவையான பிளாக்குகளும் சேர்ந்து போயின. 5.1.5-இல் சரி செய்தார்கள். இரண்டு சம்பவத்திலும் டிஸ்க் சொன்னதைத்தான் செய்தது. தப்பாகச் சொன்னது நடுவில் இருந்த அடுக்கு.

ரெய்டு 5-இல் வேறு நுணுக்கம். டிஸ்கார்ட் ஆன பிளாக்கைப் படித்தால் எப்போதும் பூஜ்ஜியம் வரும் என்ற உறுதி இல்லாவிட்டால் பாரிட்டி கணக்கு பொருந்தாது. ஒரு டிஸ்க் பழுதானால் மீட்கும்போது குப்பை வரும். அதனால் லினக்ஸின் மென்பொருள் ரெய்டு 5, 6 ஆகியவை டிஸ்கார்டை முன்னிருப்பாக ஏற்பதில்லை. டிஸ்க்குகள் பத்திரமானவை என்று நிர்வாகி ஒரு மாட்யூல் அமைப்பில் கையெழுத்துப் போடாத குறையாகச் சொன்னால்தான் திறக்கும். டிஸ்க்கின் விவரத்தாளைப் படிக்காமல் அதைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

ஆக, பேக்கப் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் எஃப்எஸ்ட்ரிம். தப்பாக அழித்த ஃபைலை மீட்கும் மென்பொருள்களும் அதற்குப் பிறகு உதவாது.

பூஜ்ஜியம் நிரப்பும் பழைய வைத்தியம்

அன்மேப் இல்லாத காலத்தில் ஒரு தந்திரம் இருந்தது. காலி இடம் முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதி, அந்த ஃபைலை நீக்கிவிடுவார்கள். பூஜ்ஜியத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த அரே அதை வைத்து இடத்தை விடுவித்துக்கொள்ளும். 3பார் அரேக்களில் இதற்கென்றே சிப்பில் ஏற்பாடு இருந்தது. அந்தத் திறன் இல்லாத அரேயில் இதைச் செய்தால் விளைவு நேர்மாறானது: இதுவரை ஒதுக்காத இடத்தையெல்லாம் பூஜ்ஜியம் வாங்கிக்கொள்ளும், 400 ஜிபி லன் சில மணி நேரத்தில் 2 டெராபைட் ஆகிவிடும். குளம் ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருந்தால் இந்த ஒரு தந்திரமே மீதியையும் நிரப்பிவிடும். இன்றைய இயங்குதளத்தில் இதற்கு அவசியமே இல்லை.

புதிய லன்னை ஃபார்மேட் செய்யும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டின் எம்கேஎஃப்எஸ் கருவிகளும் தொடக்கத்திலேயே முழு லன்னையும் டிஸ்கார்ட் செய்யும். பழைய லன்னை மறுபயன்பாட்டுக்கு எடுக்கும்போது அது நல்லது. பெரிய லன்னும் மெதுவான அரேயும் சேர்ந்தால் கட்டளை உறைந்துபோனதைப் போல் நிற்கும். புத்தம் புதிய லன் என்றால் அந்த வேலையைத் தவிர்க்க இரண்டிலும் விருப்பம் உண்டு.

இடம் தீர்ந்த நாள்

தின் குளம் முற்றிலும் தீர்ந்தால், எழுத வரும் சர்வருக்கு அரே இடம் ஒதுக்க முடியவில்லை என்ற ஸ்கசி பிழையைத் திருப்பித் தரும். ஃபைல் சிஸ்டம் குழம்பிப்போகும்: தன் கணக்குப்படி 1.6 டெராபைட் காலி, ஆனால் எழுத முடியவில்லை. லினக்ஸ் கர்னல் பதிவில் கிரிட்டிக்கல் ஸ்பேஸ் அலோகேஷன் எரர் என்று வரி வரும். இஎக்ஸ்டி4 படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறலாம். விஎம்வேர் அந்த வெர்ச்சுவல் மெஷினை நிறுத்தி வைத்துவிட்டு, இடம் கிடைத்ததும் மறுபடி முயலலாமா என்று கேட்கும். அந்த நேரத்தில் எஃப்எஸ்ட்ரிம்மை ஓட்டினால் இடம் திரும்பலாம். ஆனால் உயிரோடு இருக்கும் ஃபைல் சிஸ்டம் ஒன்றாவது வேண்டும். 70, 80, 90 சதவீதத்தில் அரேயிலிருந்து எச்சரிக்கை மெயில் வரும்படி முதல் நாளே அமைத்து வைக்க வேண்டும், அது ஒரே ஒருவரின் இன்பாக்ஸுக்குப் போகக் கூடாது. பொறுப்பில் இருப்பவர் விடுப்பில் போன வாரம்தான் குளம் நிரம்பும்.

எஃப்எஸ்ட்ரிம் ஓடுகிறதா என்று பார்ப்பது அரே இல்லாதவர்களுக்கும் பொருந்தும். அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 2011 முதல் தமிழக அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவான இயங்குதளம். அன்றைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளுக்கு ட்ரிம்மால் வேலையில்லை. பழைய லேப்டாப்பில் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டுக்கொள்கிறவர்கள், இயங்குதளத்தில் எஃப்எஸ்ட்ரிம் டைமர் ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்ப்பது நல்லது. டெபியன் குடும்பத்தில் அது எல்லாப் பதிப்பிலும் ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

திங்கட்கிழமை நள்ளிரவு

கடைசியாக அந்த டைமர். சிஸ்டம்டியில் வாராந்திரம் என்றால் திங்கட்கிழமை நள்ளிரவு 12 மணி என்று பொருள். ஒரே அரேயில் முப்பது வெர்ச்சுவல் மெஷின் இருந்தால் முப்பதும் அதே நேரத்தில் அன்மேப் அனுப்பத் தொடங்கும். இதைத் தவிர்க்கத்தான் புதிய பதிப்புகளில் ஒவ்வொரு கணினியும் 6000 விநாடிக்குள் ஏதோ ஒரு தாமதத்தைத் தானாக எடுத்துக்கொள்கிறது. பழைய பதிப்பு உள்ள சர்வர்களில் நாளையும் நேரத்தையும் கையால் பிரித்து வைக்க வேண்டும்: இரண்டு சர்வர் செவ்வாய், இரண்டு வியாழன், பேக்கப் ஓடும் நேரத்தில் எதுவும் இல்லை.

அந்த டைமருக்கு இன்னொரு குணம் உண்டு. குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், மறுபடி உயிர் வந்ததும் விட்டுப்போன வேலையை ஓட்டிவிடும். மின்சாரம் ஒழுங்காக இருக்கும் ஊருக்கு இது வசதி. மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் முடக்கிய 2023 டிசம்பர் 4 ஒரு திங்கட்கிழமை. அப்படி ஒரு ஞாயிறு இரவு மின்சாரம் போய், இரண்டு நாள் கழித்து வந்தால், எல்லா சர்வரும் ஒரே நேரத்தில் எழும்பும். ஃபைல் சிஸ்டம் சோதனை, டேட்டாபேஸ் மீட்பு, தேங்கிய மெயில், இவற்றோடு விட்டுப்போன எஃப்எஸ்ட்ரிம்மும் எல்லா சர்வரிலும் ஓட நிற்கும். ரீபூட் ஆனதால் இஎக்ஸ்டி4-இன் நினைவும் அழிந்து, காலி இடம் முழுவதையும் முதலிலிருந்து சொல்லும். கரையோர அலுவலகங்களில் பெர்சிஸ்டன்ட் என்ற அந்த வரியைப் பொய் என்று மாற்றி வைத்துவிட்டு, விட்டுப்போன வாரத்தை அடுத்த வாரமே பார்த்துக்கொள்ளலாம். அரேயில் இடம் நெருக்கடியாக இருந்தால் மட்டும், எல்லா சர்வரும் நிதானத்துக்கு வந்த பிறகு, ஒவ்வொன்றாக உள்ளே போய்க் கையால் ஓட்டினால் போதும்.